பக்கக் கண்ணாடி

இருபத்தாறு வருடம் குத்தாயிசியில் பேருந்து ஓட்டினேன்,
முன்னால் போவதற்காகப் பின்னால் பார்த்தபடி.
ஆகவே இடுப்பெலும்பு கூடும்வரை அசையாதே என்று
மருத்துவர் என்னைக் கிடத்தியபோது
நான் கேட்டது ஒன்றுதான்:
ஒரு கண்ணாடி.

லமாரா கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தாள்.
உள்ளங்கையளவு. மூடி உடைந்தது.
விளிம்பில் இன்னும் கொஞ்சம் பவுடர்.
ஜன்னல் என் தலைமாட்டில்;
கையை உயர்த்திச் சற்றே சாய்த்தால்
நான்கு மாடிக்குக் கீழே கிடக்கும் தெரு
என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ரொட்டிக்கடை. அதன் தாழ்ந்த செங்கல் சுவர். ஒரு பெஞ்சு.
கடைப் பலகையில் எழுத்தெல்லாம் தலைகீழ்ப் பக்கம்;
எங்கள் எழுத்து கொடிபோல் வளைந்தது,
திருப்பிப் போட்டாலும் கொடிதான்,
மூன்றாம் நாளே படிக்கப் பழகிவிட்டேன்.
சூரியகாந்தி விதை விற்கும் தெங்கிஸ்
ஒரு கோப்பை கேட்டவர்களுக்கு
முக்கால் கோப்பை அளப்பதைப் பார்த்தேன்.
என் பழைய நான்காம் எண் வண்டி
புதிய ஓட்டுநரோடு, ஒவ்வொரு முறையும்
நிறுத்தத்துக்கு ஒரு கெஜம் தள்ளியே நின்றது.
படுத்தபடியே அவனைத் திட்டினேன்.

லமாராவிடம் இருந்தது பூதக்கண்ணாடி.
அவளுக்கு உலகம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது:
மாத்திரைத் தாளின் எச்சரிக்கைகள்,
பாலாடைக்கட்டி கெடும் தேதி,
மின்மீட்டரின் கடைசி இலக்கம் எட்டா மூன்றா என்று
கணக்கெடுக்க வந்தவரோடு ஒரு சண்டை.
பிறகு என் தையல்.
குனிந்து அதைப் பார்க்கும்போது
வட்டத்துக்குள் அவள் கண் மட்டும் தெரியும்,
குதிரையின் கண்போல், பெரிதாய், ஈரமாய்.
"சீழ் இல்லை" என்பாள்.
அந்தக் கண் போய்விடும்.

ஒருநாள் அதை மேசையில் மறந்து போனாள்.
வெயில் வந்து உட்கார்ந்து
மேசைவிரிப்பில் அச்சிட்ட திராட்சைக் கொத்தில்
ஒரே ஒரு பழத்தைச் சுட்டு ஓட்டையாக்கியது.
கண்ணாடியில் புகையைப் பார்த்தேன்; எழ முடியாது.
கத்தினேன். கீழ்வீட்டு வாஷா ஓடிவந்து
என் சூப்பை ஊற்றி அணைத்தான்.

இதெல்லாம் கிடக்கட்டும். சொல்ல வந்தது வேறு.

மாலை ஐந்தரைக்கு அவள் வேலை முடிந்து வருவாள்.
ரொட்டி வாங்குவாள்.
வீட்டுக்கு வரமாட்டாள்.
எனக்கு முதுகு காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து
சுவரைப் பார்த்துக்கொண்டு
ரொட்டியின் கூர்முனையைக் கிள்ளித் தின்பாள்,
இருபது நிமிடம்.
ஓட்டுநருக்கு நிமிடம் எண்ணத் தெரியும்.

என்னைப் புரட்டிப் போடுபவள்,
மலச்சட்டி எடுப்பவள்,
வெறும் சுவரைப் பார்ப்பது அவளுக்கு ஓய்வென்றால் பார்க்கட்டும்.
சில நாள் நிற்காமல் நேராக ஏறி வருவாள்.
அன்றைக்கு மனம் இளகியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.
எதையும் கேட்கவில்லை.
முனையில்லாத ரொட்டி என் தட்டுக்கு வந்தபோதும்.

அறுபத்தோராம் நாள் ஊன்றுகோலோடு இறங்கினேன்.
தெருவைக் கடந்து, தயங்காமல் இடப்பக்கம் திரும்பினேன்.
அங்கே செருப்புக்கடை இருந்தது.
இருபது வருடமாக ரொட்டிக்கடை வலப்பக்கம்தான்.
லமாரா சிரித்துச் சிரித்து
என்னைக் கைப்பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

கூரைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
சுவர் முழுக்க நிழல்.
எழுந்துபோய் ஒரு செங்கல்லைத் தொட்டுக் காட்டினாள்.
"இங்கேதான் விழும் உன் வெளிச்சம்.
ஒரு நாணயம் அளவு.
நடுங்கும், வழுக்கி ஓட்டுக்கு ஏறும், திரும்ப வரும்.
அது நடுங்கினால் நீ விழித்திருக்கிறாய்,
தெங்கிஸைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்.
அது இருக்கும்வரை நான் சாப்பிடலாம்."

"மேகம் மூடிய நாட்களில்?"

"அன்றைக்கெல்லாம் ரொட்டிக்கு முனை இருந்ததே,
நீ பார்க்கவில்லையா?"